ஆகஸ்ட் 15ஐ உங்கள் பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்களா?

மாலத்தீவில் நாங்கள் ஆகஸ்ட் 15 கொண்டாடிய போட்டோவைக் கிண்டலடித்த பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள், போதும், பார்த்துவிட்டேன். "டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு தேசபக்தி வேற" என்று எழுதிய அண்ணனுக்கும், அதற்குச் சிரிப்பு எமோஜி போட்ட என் கூடப் படித்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் மாலத்தீவில் டீச்சர் வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான். ஆகஸ்ட் 15 எனக்கும் ஆகஸ்ட் 15தான்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டோம்? 2025இல் அது வெள்ளிக்கிழமை வந்தது, இங்கே வார விடுமுறை. இந்தியாவைவிட இங்கே அரை மணி நேரம் பின்னால் என்பதால் ஏழு மணிக்கே போனில் செங்கோட்டை நேரலையைப் போட்டுவிட்டு, கேரளா டீச்சர் பாயசம், நான் கேசரி, ஆளுக்கொரு கொடியைக் குத்திக்கொண்டு வீட்டு ஹாலில் ஒரு போட்டோ. இதற்குத்தான் இவ்வளவு நக்கல். (தமிழச்சிக்குச் செங்கோட்டை எதற்கு என்று ஒருவர். அப்புறம் கோட்டைக் கொத்தளத்தில் முதல்வர் கொடியேற்றியதையும் பார்த்தோம் சார். முதல்வர்களுக்கு அந்த உரிமையைக் கேட்டு வாங்கி, 1974இல் முதன்முதலாக ஏற்றியவர் கலைஞர். அதுவும் தெரியும்.)

டாலர் சம்பளமாம்! வருவது இந்த ஊர்ப் பணமான ருஃபியா. இங்கே டாலருக்குத் தட்டுப்பாடு. வங்கி வைத்த வரம்புக்குள் கொஞ்சம் அனுப்பிவிட்டு, மீதிக்கு வெளியில் கூடுதல் விலை கொடுத்து டாலர் தேடி அலைகிறோம். ஒரு மாதம் வந்து செய்து பாருங்கள், தெரியும்.

"அந்த ஊர்க்காரர்கள் மனசு புண்படாதா?" என்பது அடுத்த கேள்வி. சரி, நியாயமான கேள்விதான். தினமும் அசெம்பிளியில் அவர்கள் தேசிய கீதத்துக்கு நிற்கிறேன். ஜூலை 26 அவர்கள் சுதந்திர தினம், 1965இல் கிடைத்தது, அணிவகுப்புக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நானும்தான் வெயிலில் காய்ந்திருக்கிறேன். 2025இல் அதன் 60ஆவது வருஷத்துக்கு நம் பிரதமரே விருந்தினராக வந்தார். நம் ஆகஸ்ட் 15 அன்றைக்கு நான் கேசரி கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா வெறும் தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்று மீன் வைத்த பஜியா நாலு வைத்துக் கொடுத்தார். புண்பட்ட லட்சணம் இதுதான். 'இந்தியா அவுட்' என்று இங்கே கூட்டம் போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் என் முகத்துக்கு நேராக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2024 ஜனவரியில் 'மாலத்தீவைப் புறக்கணிப்போம்' என்று காலையும் மாலையும் ஃபார்வர்டு அனுப்பியது யார்? என் சொந்தக்காரர்கள். அம்மாவுக்கு மருந்து வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே அனுப்பினார்கள்.

சுதந்திரமே கிடைக்கவில்லை, இதில் கொண்டாட்டமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"அவ்வளவு பாசம் இருந்தால் இங்கேயே இருந்திருக்கலாமே!" இதுதான் சுருக்கென்று குத்தியது. இருந்தேனே! ஊரில் தனியார் பள்ளியில் எட்டாயிரம் சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் கொடி கட்டியது நான்தான். துணியை மடித்து, நடுவில் உதிரி ரோஜா இதழ் வைத்து, கயிற்றைச் சுண்டினால் அவிழ்கிற மாதிரி உருவாஞ்சுருக்குப் போட வேண்டும். இறுக்கினால் அவிழாது, தளர்த்தினால் ஏறும்போதே பூ கொட்டிவிடும். தாளாளர் ஒரே சுண்டு சுண்டிவிட்டுப் போட்டோவுக்கு நிற்பார். பள்ளியில் யாருக்கும் அந்த மாதச் சம்பளம் வந்திருக்காது. 2013இல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டு, அரசுப் பள்ளியில், இன்றைக்கு வேலை வரும், நாளைக்கு வரும் என்று காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. 2018இல் இன்னொரு போட்டித் தேர்வு எழுதுங்கள் என்றார்கள். அப்போது என் தேசபக்தியைப் பற்றி ஒரு ஆள் கேட்டதில்லை, சாப்பிட்டாயா என்றும்தான் கேட்டதில்லை. கப்பலேறி நாலு காசு பார்த்த பிறகு எல்லோருக்கும் என் மேல் தனி அக்கறை வந்துவிட்டது.

மறுபடியும் சொல்கிறேன், ஜனவரி 26க்கும் கேசரி கிண்டுவேன், போட்டோவும் போடுவேன்.

அப்புறம் அண்ணே, ரெண்டு மாசத்துக்கு முன்னால் "அங்கே இங்கிலீஷ் டீச்சர் வேலை ஏதாவது காலி இருக்கிறதா பாரும்மா" என்று உங்கள் மகளின் பயோடேட்டாவை இன்பாக்ஸில் அனுப்பினீர்களே, அதை நான் அழிக்கவில்லை. டிகிரி சான்றிதழுக்கு இன்னும் அட்டெஸ்டேஷன் வாங்கவில்லை போல. அதை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.