வாஷிங்டனைத் தடுத்தது சட்டமா?

"இரண்டு முறைக்கு மேல் சட்டம் விடாததால்தான் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் மூன்றாம் முறை நிற்கவில்லை" என்று பரவும் தகவல் தவறு. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தில் அதிபரின் பதவிக்காலம் 4 ஆண்டு என்று மட்டுமே இருந்தது. எத்தனை முறை என்ற வரம்பே கிடையாது. 1796 செப்டம்பரில், பிலடெல்பியா நாளிதழில் அறிக்கை வெளியிட்டு அவராகவே ஒதுங்கினார். இரு முறையோடு ஒதுங்கும் அந்த எழுதாத வழக்கம் 1940 வரை தாக்குப்பிடித்தது. மற்றவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை: மூன்றாம் முறைக்கு முயன்ற முன்னாள் அதிபர்களில், 1880இல் கிராண்டுக்குக் கட்சியே சீட்டு கொடுக்கவில்லை, 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட் தோற்றார். 1940இலும் 1944இலும் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம், நான்காம் முறையாக நின்று வென்றபோது தடுக்கச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரி, 22ஆவது திருத்தமாக, 1951இல்தான் வந்தது. அதன் வாசகமும் 'இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது' என்பதுதான். இன்னொருவரின் பதவிக்காலத்தில் 2 ஆண்டுக்கு மேல் அதிபராக இருந்தவர் ஒரே முறைதான் தேர்ந்தெடுக்கப்படலாம்.