பிரேக் லைட் எரிந்தால் சுவிட்ச் நல்லது என்று அர்த்தமில்லை

"பிரேக் லைட் எரியுது, அதனால் பிரேக் சுவிட்சில் கோளாறில்லை, குரூஸ் வேலை செய்யலைன்னா கிளாக் ஸ்பிரிங்கை மாத்துங்க" என்று சிலர் சொல்வது தவறு. குரூஸ் என்பது ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி; கிளாக் ஸ்பிரிங் என்பது ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்களையும் ஏர்பேக்கையும் வண்டி வயரிங்குடன் இணைக்கும் சுருள். பல கார்களில் பெடல் சுவிட்சுக்குள் இரண்டு தனித்தனி சர்க்யூட் உண்டு. ஒன்று பெடலை மிதித்தால் இணைந்து லைட்டை எரிய வைக்கும். மற்றது மிதிக்காதபோது இணைந்தே இருக்கும், மிதித்தால் துண்டிக்கும். குரூஸ் நம்புவது இந்த இரண்டாவதையும் சேர்த்துத்தான். அது தேய்ந்துபோனால் லைட் ஜோராக எரியும், குரூஸ் மட்டும் செட் ஆகாது.

ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி லைவ் டேட்டாவில் இரண்டு பிரேக் சிக்னலையும் பாருங்கள். மெதுவாக மிதித்து விடும்போது இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் சுவிட்ச், கனெக்டர், வயர் மூன்றில் ஏதோ ஒன்று. ஸ்கேனர் காட்டும் பி0504, பி0571 என்ற கோளாறுக் குறியீடுகளும் இங்கேதான் கைகாட்டும். கியர் வண்டியென்றால் கிளட்ச் சுவிட்சையும் இப்படியே பாருங்கள்.

காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் அணையவில்லையா? பெடலுக்குக் கீழே தரை விரிப்பில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடக்கிறதா என்று தேடுங்கள். பெடலில் சுவிட்சை அழுத்தும் சின்ன ஸ்டாப்பர் பொடிந்திருக்கும். சில்லறைக் காசில் முடிகிற வேலை.

கிளாக் ஸ்பிரிங் போனால் பெரும்பாலும் ஹாரன், ஸ்டீயரிங் ஆடியோ பட்டன்களும் சேர்ந்து படுத்துவிடும், ஏர்பேக் விளக்கும் எரியும். அந்த அறிகுறி எதுவுமில்லாமல், கிளாக் ஸ்பிரிங்கை மாற்றுவதற்காக ஏர்பேக்கைக் கழற்றுவது வீண் ஆபத்து. குரூஸ் வேலை செய்யாததோடு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் எரிந்தால் வீல் ஸ்பீடு சென்சாரிலிருந்து ஆரம்பியுங்கள்.