மயில்துத்தம் போட்டால் நத்தை மட்டும்தான் சாகுமா?

"மீன் தொட்டியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுங்க, நத்தை மட்டும் செத்துடும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட் என்ற நீல உப்பு; அதிலுள்ள தாமிரம் நத்தையைக் கொல்லும், சரி, ஆனால் மீனின் செவுளையும் கெடுக்கும், இறால் வளர்த்தால் அதுவும் போச்சு. மீன் தப்பினாலும், மொத்தமாகச் செத்து சரளைக்குள் அழுகும் நத்தைகளால் தண்ணீரில் அம்மோனியா என்ற நச்சு ஏறி, மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

கவனிக்காமல் விட்ட தொட்டியில் நத்தை பெருகுவதே அடியில் தேங்கிய தீனியாலும் அழுகிய இலையாலும்தான். சிறு குளத்து நத்தைகளில் பல, ஜோடி இல்லாமலே முட்டையிடும். கண்ணாடியில் ஜவ்வாக ஒட்டியிருக்கும் அந்த முட்டைகளைச் சுரண்டி எடுங்கள். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்தி மூழ்க விட்டால், காலையில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு அப்படியே தூக்கிவிடலாம். அப்புறம் தீனியைக் குறைத்து, வாரம் கால்பங்கு தண்ணீரை அடிக்கசடோடு குழாயால் உறிஞ்சி மாற்றுங்கள்.