எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு 30 பேர் போதுமா?

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வு எதுவானாலும் 30 பேரை எடுத்தால் போதும் என்று ஒரு சிஸ்டர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள். அப்படி ஒரு பொது விதி கிடையாது, சிஸ்டர். மாதிரிச் சராசரிகளின் (ஆய்வுக்கு எடுக்கும் குழுக்களின் சராசரிகளின்) பரவல், மணி வடிவமுள்ள இயல்நிலைப் பரவலை நெருங்கும் இடத்துக்குச் சொல்லப்படும் கைக்கணக்குதான் அந்த 30. உங்கள் கேள்விக்கு எத்தனை பேர் தேவை என்பதை அது சொல்லாது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இடுப்பு வலி என்று பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். குலுக்கல் முறையில் எடுத்த 30 பேரில் 15 பேர் ‘வலி உண்டு’ என்றால் 50%. ஆனால் அதன் 95% நம்பக இடைவெளி, அதாவது எல்லோரையும் கேட்டால் வரக்கூடிய உண்மை அளவு இருக்கலாம் என்று கணிக்கும் எல்லை, சுமார் 32% முதல் 68% வரை நீளும். மூன்றில் ஒருவருக்கா, மூன்றில் இருவருக்கா என்பதே தெளிவாகாது.

கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16. இதில் 1.96 என்பது 95% நம்பகத்துக்கான எண், 0.5 என்பது அந்த 50%, 0.05 என்பது அனுமதிக்கும் பிழை. ஆக, 5% பிழைக்குள் (கூடவோ குறையவோ 5 சதவீதப் புள்ளிக்குள்) சொல்ல 385 பேர் வேண்டும். பிழை 10% வரை போகலாம் என்றால் 97 போதும்.

இரண்டு குழுக்களை ஒப்பிடுவதானால் ‘ஜி பவர்’ மென்பொருளைப் பயன்படுத்தலாம், இலவசம்தான். இருபக்க டி-சோதனை (இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை), ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80, விளைவளவு (குழுக்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் அளவு) 0.5 கொடுத்தால் குழுவுக்கு 64 பேர் என்று வரும். விளைவளவு 0.8 கொடுத்தால் 26. அங்கே குழுவுக்கு 30 பேர் சரிதான். ஆனால் அந்த 0.8 எங்கிருந்து வந்தது என்று முந்தைய ஆய்வைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால், தேவைக்கும் குறைவான ஆட்களை எடுத்து, உண்மையில் பலன் தரும் ஒரு பராமரிப்பு முறையைக்கூட ‘பலனில்லை’ என்று எழுதிவிட நேரும்.