தாமிரபரணிக் கரையில் ஒரு பாலி வகுப்பு வேண்டும்

நேற்று ராத்திரி கடைக் கணக்கை முடித்துவிட்டு வந்து, நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு உட்கார்ந்தேன். இடப்பக்கம் மணிமேகலையின் மூன்று வரி:

பேதைமை செய்கை உணர்வே அருவுரு
வாயில் ஊறே நுகர்வே வேட்கை
பற்றே பவமே தோற்றம் வினைப்பயன்

வலப்பக்கம் பாலியில், அதாவது பழைய பௌத்த நூல்கள் இருக்கும் மொழியில், இதே பன்னிரண்டு சார்புகள். துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எப்படிப் பிறக்கிறது என்று புத்தர் சொன்ன சங்கிலி அது. பேதைமைக்கு நேராக அவிஜ்ஜா. வேட்கைக்கு நேராக தண்ஹா. பற்றுக்கு உபாதான. பவத்துக்குப் பவமேதான். 'ஊறு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக அதைத் தீங்கு என்றே படித்து வந்திருக்கிறேன். பாலியில் அந்த இடத்தில் பஸ்ஸ, அதாவது தொடுதல் என்று இருக்கிறது. அப்புறம்தான் "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்ற குறள் நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஊறு என்றால் தொடு உணர்ச்சிதானே! நுகர்வுக்கு நேராக வேதனா. நாம் வலியை மட்டும் வேதனை என்கிறோம். பாலியில் சுகத்தை அனுபவித்தாலும் வேதனாதான். தமிழ் வரி எனக்குப் புரிய ஒரு பாலிச் சொல் தேவைப்பட்டது. மணி பன்னிரண்டாகியும் தூக்கம் வரவில்லை.

இந்தக் கிறுக்கை என் தலையில் ஏற்றியவர் தர்மானந்த கோசாம்பி. 1876-ல் கோவாவில் சாங்க்வால் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். ஒரு மராத்திச் சிறுவர் பத்திரிகையில் புத்தர் வரலாற்றைப் படித்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1899-ல் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வீட்டில் இருந்த அந்த அம்மாள் பட்டபாட்டை யார் எழுதினார்கள்? ஆனால் அவர் போன வழியைப் பாருங்கள். புனே, குவாலியர், காசி. காசியில் சத்திரச் சோறு தின்று சமஸ்கிருத இலக்கணம். பிறகு நேபாளம், புத்தகயை, கொழும்பு. அங்கே வித்யோதய பிரிவேனா என்ற பிக்குகளின் கல்விக்கூடத்தில் ஹிக்கடுவே சுமங்கலரிடம் பாலி படித்தார். அப்புறம் பர்மா. பாலிக்கென்று தனி எழுத்து கிடையாது. சிங்களவர் சிங்கள எழுத்தில் எழுதினார்கள், பர்மியர் பர்மிய எழுத்தில். ஆக அங்கங்கே போய் முதலில் அரிச்சுவடி பழக வேண்டும்.

திரும்பி வந்து கல்கத்தாவில் பாலி சொல்லிக்கொடுத்தார். நல்ல சம்பளம் கிடைத்த அந்த வேலையையும் விட்டுவிட்டு, தன் சொந்த மொழிக்காரர்களுக்கு எழுத வேண்டும் என்று பரோடா மன்னர் தந்த மாதம் 50 ரூபாய்க்கு வந்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரைக் கும்பிடலாம். 1910-ல் ஹார்வர்டு கூப்பிட்டது. பழைய பாலி உரையாசிரியர் புத்தகோசரின் விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை வாரன் என்பவர் பதிப்பிக்க ஆரம்பித்து, முடிக்காமல் 1899-லேயே இறந்திருந்தார். அந்த வேலைக்காக கோசாம்பி அமெரிக்காவுக்கு நான்கு தடவை போய் வந்தார். ஹார்வர்டு பதிப்பு வெளிவந்தது 1950-ல். அவர் 1947 ஜூனில் சேவாகிராமத்தில் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டிருந்தார். நல்லவேளை, 1940-லேயே தேவநாகரியில் தனியாக ஒரு பதிப்பு கொண்டுவந்துவிட்டார்.

புத்தகோசர் புத்தகயைப் பக்கத்துப் பிராமணர் என்ற பழங்கதையை கோசாம்பி ஏற்கவில்லை. விசுத்திமக்கத்தின் கடைசியில் 'மோரண்டகேடக' என்று ஒரு ஊர் வருகிறது. மோர என்றால் மயில், அண்டம் என்றால் முட்டை. மயில்முட்டை என்று பொருள்படும் ஊரை ஆந்திரக் கிராமப் பெயர்களில் தேடி, புத்தகோசர் தென்னாட்டுக்காரர் என்று எழுதினார். புத்தகோசரே தன் உரைகளில் காஞ்சிபுரத்தில் தங்கியதைச் சொல்கிறார். நாகப்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியதாக இன்னொரு பாலி உரையாசிரியர் தம்மபாலர் சொல்கிறார். மற்றொரு பாலி ஆசிரியர் புத்ததத்தர் உறையூர்க்காரர்.

எனக்கு நெஞ்சு அடைத்தது அநுருத்தர் என்ற பாலி ஆசிரியரிடம் வந்தபோதுதான். அவருடைய அபிதம்மத்த சங்கஹம் பர்மாவில் இன்றும் அபிதம்மம், அதாவது பௌத்தத் தத்துவம், படிப்பவர்கள் முதலில் எடுக்கும் நூல். இன்னொரு நூலின் முடிவில், காவிரி நகரத்தில் பிறந்ததாகவும், தம்ப நாட்டில் தஞ்சை என்ற ஊரில் இருந்து எழுதியதாகவும் சொல்கிறார். அந்தத் தம்ப நாடு மலாய்த் தீபகற்பத்தில் உள்ளது என்பவர்கள் உண்டு. தாமிரபரணி நாடு என்பவர்களும் உண்டு. எது சரி என்று பாலி படித்தவர்கள்தான் சொல்ல முடியும். நம் ஊரில் அதைச் சொல்ல ஆள் எங்கே? அந்த அபிதம்மத்த சங்கஹத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் பாலியிலேயே உரை எழுதியவர் கோவாவில் பிறந்த கோசாம்பி. உரைக்கு அவர் வைத்த பெயர் நவநீத டீகா. நவநீதம் என்றால் வெண்ணெய். தமிழ்நாட்டில் பிறந்தவர் வைத்துவிட்டுப் போன பாலை எங்கிருந்தோ வந்த ஒருத்தர் கடைந்து தந்திருக்கிறார்.

அசோகன் கல்வெட்டில் பாண்டியரோடு 'தம்பபண்ணி' வருகிறது. அங்கே அது இலங்கையைக் குறிக்கிறது என்பதுதான் பலர் முடிவு. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஓடுவது நம் ஆறு. அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்கிறதே, அந்த அகத்தியரின் பொதிகையும் நம் மேற்கு மலைதான்.

நாலு வருஷத்துக்கு முன் இங்கே ஓர் இடத்தில் சமஸ்கிருத இலக்கணம் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். பாலிக்கு அது படிக்கட்டு. "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். கேள்வியின் அர்த்தம் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்துவிட்டேன். இன்னொரு பக்கம், நான் மதிக்கிற தமிழாசிரியர் ஒருவர், "உமக்கு எதுக்குவே அது? நம்ம மொழியில படிக்க இல்லாததா அங்க கெடக்கு?" என்றார். "அண்ணாச்சி, நம்ம ஆளுக எழுதுனதுதான் அங்க கெடக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், புத்ததத்தர் உறையூர் என்றதும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

2024 அக்டோபரில் பாலிக்குச் செம்மொழித் தகுதி கொடுத்தார்கள். நல்லது. பணம் எங்கே போகும், எந்த ஊரில் கட்டடம் எழும்பும் என்பது தெரிந்த கதை. எனக்குக் கட்டடம் வேண்டாம். நெல்லையிலோ பாளையிலோ வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம், எந்தத் தெரு என்று கேட்காத ஒரு வாத்தியார் போதும். கரும்பலகையில் தமிழ் எழுத்திலேயே பாலியை எழுதிப் போடட்டும். எழுத்து பேதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொக்கிரகுளத்தில் நண்பர் ஒருவர் மாடி அறையை ஞாயிற்றுக்கிழமை காலை தருவதாகச் சொல்லிவிட்டார். என்னோடு சேர்த்து மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இன்னொருவர் நர்சிங் படிக்கும் பெண். பாலி தெரிந்தவர்கள், தெரிந்தவரைத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.