வெறுவயிறு எல்லா மருந்துக்கும் பொருந்தாது

“எந்த மருந்தும் வெறுவயிற்றில் எடுத்தால்தான் முழுமையாக உடலில் சேரும்” என்ற கருத்து தவறு. படர்தாமரைக்குத் தரப்படும் இட்ராகோனசோல் நீரில் கரைவதே அரிது. அதன் கப்சூல் கரைய இரைப்பை அமிலம் தேவை என்பதால், வயிறார உண்ட உடனேயே விழுங்க வேண்டும். திருகோணமலையில் விடியற்காலை வெறுந்தேநீரோடு அதை விழுங்கிவிட்டுக் கடலுக்குப் போய்வந்த என் மைத்துனருக்கு, மதியம் சோறும் மீன்குழம்பும் உண்டபின் எடுக்குமாறு மருந்தாளர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். நெஞ்செரிவுக்கு எடுக்கும் ஒமெப்ரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைப்பதால், இட்ராகோனசோல் கப்சூலின் உறிஞ்சலையும் குறைக்கும். அதை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இட்ராகோனசோலின் திரவ வடிவத்தில், சைக்ளோடெக்ஸ்ட்ரின் எனும் வளைய மூலக்கூறு மருந்தை முன்னரே கரைத்து வைத்திருப்பதால், அதை மட்டும் வெறுவயிற்றில் அருந்த வேண்டும். படர்தாமரைக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான கிரிசியோஃபல்வினுக்கோ கொழுப்புள்ள உணவே துணை.