ரெட் பேரன் ஃபார்வர்ட்: உண்மை என்ன?

முதல் உலகப்போர்ல 80 விமானத்தை வீழ்த்துன ஜெர்மன் பைலட் ரிக்தோஃபன், பட்டப்பேரு ரெட் பேரன் (Red Baron), அத்தனையையும் ஃபோக்கர்ங்கிற மூணு றெக்கை சிவப்பு விமானத்துலயே சுட்டாராம், கடைசியில கனடா பைலட் ராய் பிரவுன் அவரை வானத்துலயே சுட்டுக் கொன்னாராம்னு வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது.

80ங்கிறது சரி. ஆனா அந்த ஃபோக்கர் சண்டைக்கு வந்ததே 1917 ஆகஸ்ட் கடைசியிலதான், அதுக்குள்ளயே இவர் கணக்கு 59 ஆயிடுச்சு, பெரும்பாலும் ஆல்பட்ராஸ்ங்கிற ரெண்டு றெக்கை விமானத்துல. ஃபோக்கர்ல வந்தது மொத்தமே 19தான். படத்துலயும் பொம்மையிலயும் அந்த மூணு றெக்கையே வர்றதால எல்லாரும் நம்பிடுறாங்க, அழகா வேற இருக்கு, என்ன பண்றது.

அவர் செத்தது 1918 ஏப்ரல் 21, பிரான்ஸ்ல சோம் ஆத்துப் பக்கம். அன்னைக்கு பிரிட்டிஷ் விமானப்படை பிரவுனுக்குத்தான் கிரெடிட் குடுத்துச்சு, கதை அங்கருந்து வந்ததுதான். ஆனா பிரவுன் சுட்டதுக்கு அப்புறமும் ரிக்தோஃபன் இன்னொரு விமானத்தை தாழ்வா துரத்திட்டே போயிருக்காரு, நெஞ்சுல வலது பக்கம் புகுந்து இடது பக்கம் வந்த குண்டோட அது முடியாது. அதனால தரையில இருந்த ஆஸ்திரேலிய மெஷின் கன் ஆளுங்கதான், அதுலயும் சார்ஜென்ட் செட்ரிக் பாப்கினா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்றாங்க. நூறு சதவீதம் முடிவான விஷயம் இல்ல.

சந்தேகம்னா ஆஸ்திரேலிய போர் நினைவகத்தோட வெப்சைட்ல பாருங்க. அந்த மெசேஜை இனி ஃபார்வர்ட் பண்ணாதீங்க ப்ளீஸ், குரூப்ல போட்டிருந்தா எடுத்துடுங்க.